என் பெயரை அந்த நோட்டீஸிலிருந்து எடுங்கள்



பதிவு நீளமாகத்தான் இருக்கும். பழகியவர்களுக்குத் தெரியும். முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். வருகிற ஞாயிறு காலை நம்ம கிள்ளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் "இயற்கை ஆரோக்கியக் கருத்தரங்கு" நடக்கிறதாம். நோட்டீஸில் "முன்னிலை" என்று என் பெயரைப் போட்டு, பக்கத்தில் "ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்" என்றும் போட்டிருக்கிறார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் போகப்போவதில்லை. அங்கே விற்கப்போகிற கேப்ஸ்யூலுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சார் பெயர் இருக்கிறதே என்று பணம் கட்ட நினைத்தவர்கள் கட்ட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நோட்டீஸில் நான்கு வாக்கியங்கள் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. இந்தக் கேப்ஸ்யூல் உடலின் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைப் போக்கும். செல்கள் சாவதைத் தடுக்கும். புற்றுநோய் செல்களைத் தேடிப்பிடித்துக் கொல்லும். நான்காவது, இதெல்லாம் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே நிரூபிக்கப்பட்டது. 60 கேப்ஸ்யூல், 2,850 ரூபாய். உள்ளே மஞ்சள் சாறு, கிரீன் டீ, திராட்சை விதை, அப்புறம் "அலையாத்தி மூலிகை". நம் ஊர் ஆட்களைப் பிடிக்க நம் ஊர்க் காட்டையே தூண்டில் புழுவாக்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது வாக்கியத்தையும் மூன்றாவது வாக்கியத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். செல் சாவதைத் தடுக்கும், செல்லைக் கொல்லும். ஒரே மாத்திரை. அது எப்படி ஐயா, வயிற்றுக்குள் போன மாத்திரை "நீ நல்ல செல், உன்னைக் காப்பாற்றுகிறேன், நீ கெட்ட செல், உன்னைக் கொல்கிறேன்" என்று ஆதார் அட்டை பார்த்தா வேலை செய்கிறது? இதை விற்கிறவர்களில் மூன்று பேர் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உருளைக்கிழங்கு வில்லை ஒன்றின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை இரண்டு சொட்டு விட்டுக் காட்டுவேன். நுரைத்துப் பொங்கும். கடைசி பெஞ்சு எழுந்து நிற்கும். அந்த நுரைதான் இன்றைய பாடம். உருளைக்கிழங்கில் இருக்கிற கேட்டலேஸ் என்ற நொதி, பெராக்சைடை உடைத்துத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் ஆக்கிவிடுகிறது. கிழங்குக்கு எதற்கு அந்த நொதி? மூச்சு விடும் எந்த உயிரும் ஆக்சிஜனை எரிக்கும்போது கொஞ்சம் பெராக்சைடும், இன்னும் துடுக்கான சில துணுக்குகளும் உள்ளே உண்டாகின்றன. அந்தத் துடுக்குத் துணுக்குகளைத்தான் ஃப்ரீ ரேடிக்கல் என்கிறார்கள். அவை கொழுப்புச் சவ்வையும், புரதத்தையும், டி.என்.ஏ.வையும் கடிக்கும். கடிப்பதும் சரிசெய்வதும் சமமாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. கடி மிஞ்சினால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். சமாளிக்க நம் ஒவ்வொரு செல்லிலும் கேட்டலேஸ் இருக்கிறது, 1969-இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இருவர் கண்டுபிடித்துச் சொன்ன சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் இருக்கிறது, குளூட்டாதயோன் இருக்கிறது. இந்த நொதிகளில் ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். கேப்ஸ்யூலில் வரும் மூலக்கூறு பெரும்பாலும் ஒரு தடவை வேலை செய்துவிட்டுத் தீர்ந்துபோகும். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லாத காவல்காரன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். நம் ரத்தத் திரவத்தில் அதிக அளவில் இருக்கிற ஆன்டி ஆக்சிடன்ட்களில் ஒன்று யூரிக் அமிலம். ஆமாம், கட்டைவிரல் வீங்கி ராத்திரியெல்லாம் கத்த வைக்கிற அதே யூரிக் அமிலம்தான். ஆன்டி ஆக்சிடன்ட் என்றாலே நல்லது, அதிகமானால் இன்னும் நல்லது என்கிறவர்கள் கவுட் வந்தவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

துடுக்குத் துணுக்குகள் எதிரி மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. ரத்த வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியதும் அதன்மேல் இதே சூப்பராக்சைடைத்தான் பாய்ச்சுகின்றன. அதைத் தயாரிக்க முடியாத மரபுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று விட்டபாடில்லை. உடற்பயிற்சியின்போது தசையில் உண்டாகும் துணுக்குகள் ஒரு தகவல் மாதிரி; "இவன் உழைக்கிறான், பலப்படுத்து" என்று செல்லுக்குச் சொல்கின்றன. 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் வைட்டமின் சி-யும் இ-யும் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யவேண்டிய அந்தப் பலன் கிடைக்கவே இல்லை. காலையில் பிச்சாவரம் ரோட்டில் நடந்துவிட்டு வந்து இந்தக் கேப்ஸ்யூலை விழுங்குகிற என் மைத்துனர் இதைக் கவனிக்கவும்.

செல் சாவு பற்றி. சாவு என்றதும் பயந்துவிடுகிறோம். கருவில் நம் கை முதலில் ஒரு துடுப்பு மாதிரிதான் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் செத்து விலகியதால்தான் ஐந்து விரல் வந்தது. தவளைக்குஞ்சின் வால் மறைவதும் அப்படித்தான். 1972-இல் கெர், வைலி, கரி என்ற மூவர் இந்த ஒழுங்கான சாவுக்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் வளர்ச்சியின்போது உண்டாகிற 1,090 செல்களில் சரியாக 131 செல்கள் சாகின்றன. எண்ணிப் பார்த்தார்கள் ஐயா, ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அந்தப் புழுவை வைத்து ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு. சாக வேண்டிய நேரத்தில் சாக மறுக்கிற செல்தான் புற்றுநோய்க்குப் போகிறது. ஆகவே "செல் சாவதைத் தடுக்கும்" என்பது உண்மையாகவே ஒரு மாத்திரையால் முடியுமென்றால், அதை எல்லோருக்கும் விற்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். நல்லவேளை, அந்தக் கேப்ஸ்யூலுக்கு அந்தச் சக்தி எல்லாம் கிடையாது.

இப்போது "அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாக்கியம். எனக்குக் கோபம் வந்தது இதைப் படித்துத்தான்.

நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பல்கலைக்கழகம். அங்கே உயிர்வேதியியல் துறையில் பல வருடங்களாக இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது, பொய் இல்லை. பேராசிரியர் வேணுகோபால் மேனனும் ஒரு சக ஆய்வாளரும் குர்குமினின் ஆன்டி ஆக்சிடன்ட் குணம் பற்றி 2007-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரையை உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிறார்கள். சித்தவரம் நாகினியின் குழு வேம்பை வைத்துப் புற்றுநோய் ஆய்வுகள் செய்தது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வு மையத்தில் கதிரேசன் போன்றவர்கள் நம் பிச்சாவரம் காட்டை மரம் மரமாக ஆராய்ந்தார்கள். பெருமைதான். ஆனால் அவர்கள் செய்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டாமா?

அங்கே நிறைய நடந்த ஒரு சோதனை இது. ஹாம்ஸ்டர் என்று ஒரு சின்னக் கொறிவிலங்கு. தீனியைச் சேர்த்து வைக்க அதன் கன்னத்தில் ஒரு பை உண்டு. அந்தப் பையில் டி.எம்.பி.ஏ. என்ற புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனத்தை வாரம் மூன்று முறை என்று 14 வாரம் தூரிகையால் தடவுவார்கள். வாய்ப்புற்றுநோய் வந்துவிடும். புகையிலை போடுகிறவனுக்கு வருவதைப் போன்ற நோய். இன்னொரு கூட்டம் ஹாம்ஸ்டருக்கு அதே ரசாயனத்தோடு, ஆரம்பத்திலிருந்தே, தாவரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளையும் கொடுப்பார்கள். கட்டிகள் குறைகின்றனவா என்று பார்ப்பார்கள். பல பொருள்களில் குறைந்தது. ஒழுங்கான, தேவையான ஆராய்ச்சி. செல்லுக்குள் எந்தக் கதவு திறக்கிறது, எது மூடுகிறது என்று இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால் இதிலிருந்து கிள்ளையில் இருக்கிற ஒரு மனுஷிக்கு ஏற்கெனவே வந்துவிட்ட கட்டி கரையும் என்று யார் சொன்னது? அந்தப் பேராசிரியர்கள் சொல்லவில்லை. விஷம் தடவ ஆரம்பித்த நாளிலிருந்து, கைப்பிடி எடைகூட இல்லாத ஒரு பிராணிக்கு, கட்டி வருவதற்கு முன்பே கொடுத்துப் பார்த்தது அது. தடுப்பதும் குணப்படுத்துவதும் ஒன்றா? வீடு எரியாமல் இருக்க அடுப்பை அணைப்பதும், எரிகிற வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றா?

ஆராய்ச்சிக்காரர்களையும் நான் முழுதாக விட்டுவிடப் போவதில்லை. நாடு முழுக்க ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. ஒரு செடியை எடு. மெத்தனாலில் சாறு இறக்கு. டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் விடு, மஞ்சளாக மாறினால் ஆன்டி ஆக்சிடன்ட். (உங்கள் வீட்டு டீத்தூளை விட்டாலும் மாறும்.) பிறகு எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஈரலைக் கெடு, கூடவே சாறும் கொடு, கொஞ்சம் குறைவாகக் கெட்டது என்று எழுது. கடைசி வரியில் "இது எதிர்காலத்தில் சிறந்த மருந்தாகலாம்" என்று முடி. பட்டம். எதிர்காலம் வந்ததா? அந்த ஆயிரம் செடிகளில் எத்தனை அடுத்த படிக்குப் போயின? மனிதர்களிடம், மாற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டு, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாமல் செய்கிற சோதனைக்கு? 2022 வரை ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. எலிக்கு ஆகும் செலவில் மனிதச் சோதனை நடக்காது. பிள்ளைகள் என்ன செய்யும்? அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "எதிர்காலத்தில் ஆகலாம்" என்று பயந்து பயந்து எழுதிய வரியை எடுத்து "நிரூபிக்கப்பட்டது" என்று நோட்டீஸ் அடிக்கிறவன் குற்றவாளி. அதைப் பார்த்தும் "எங்கள் ஆய்வை இப்படிச் சொல்லாதே" என்று ஒரு வார்த்தை பேசாமல் இருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மஞ்சளுக்கு வருவோம். எங்கே போய்ப் பேசினாலும் "அமெரிக்காக்காரனே நம் மஞ்சளைத் திருடப் பார்த்தான் சார், விஷயம் இல்லாமலா?" என்று ஒரு கேள்வி வரும். 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்த காப்புரிமை அது. காயத்தை ஆற்ற மஞ்சள் போடுவதற்காக. நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. மஷேல்கர் தலைமையில் செய்த அருமையான வேலை. ஆனால் அந்த வழக்கு சொன்னது, "இது புதிய கண்டுபிடிப்பு இல்லை, எங்கள் பாட்டிக்கே தெரியும்" என்பதை மட்டும்தான். புற்றுநோயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

கணக்குப் போடுவோமா? நோட்டைத் திறங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்லைக் கொல்ல, பெரும்பாலான ஆய்வுகளில் 10 முதல் 50 மைக்ரோமோல் வரை குர்குமின் ஊற்றுகிறார்கள். 2001-இல் தைவானில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோல்கூட எட்டவில்லை. 8 கிராம் குர்குமினுக்கு எவ்வளவு மஞ்சள் தூள்? கால் கிலோவுக்கு மேல். ஒரு நாளைக்கு! இந்தக் கேப்ஸ்யூலில் 250 மில்லிகிராம் சாறு என்று போட்டிருக்கிறது; அது முழுக்கக் குர்குமின் என்றே நம்பினாலும் 8 கிராமுக்குத் தினம் 32 கேப்ஸ்யூல், 1,520 ரூபாய். அப்போதும் ரத்தத்தில் 2 மைக்ரோமோல் வராது. குடல் உள்ளே விடுவதில்லை, விட்ட கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது.

"மிளகு சேர்த்தால் 20 மடங்கு ஏறும் சார்" என்று ஒரு மாணவர் எனக்கே பாடம் எடுத்தார். சரிதான், 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பார்த்தது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாததை 20-ஆல் பெருக்கினால் எவ்வளவு வரும் என்று அவரே போட்டுப் பார்க்கட்டும். அது மட்டுமில்லை, மிளகின் பைப்பரின் இதைச் செய்வது ஈரலின் கழிவகற்றும் நொதிகளைத் தடுத்துத்தான். அப்போது நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரையும் ரத்தத்தில் ஏறும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அப்படி ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் ஒரு அறிக்கை வந்தது. சிலர் சாப்பிட்டதில் மிளகும் சேர்ந்திருந்தது. ஒருவர் இறந்துபோனார். ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் இல்லை நான் சொல்வது. அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

2017-இல் கேத்ரின் நெல்சன் என்ற மருந்து வேதியியல் ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 120-க்கும் மேற்பட்ட குர்குமின் மனிதச் சோதனைகளை அலசி, முறையாக மாற்று மாத்திரையோடு ஒப்பிட்ட எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். குர்குமின் ஆய்வின் மிகப் பெரிய பெயர் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் இருந்த பாரத் அகர்வால். அவருடைய கட்டுரைகளில் 20-க்கும் மேல் சம்பந்தப்பட்ட இதழ்களாலேயே திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. இதை எந்தக் கருத்தரங்கில் சொல்வார்கள்?

சரி, மனிதர்களிடம் பெரிய அளவில் ஆன்டி ஆக்சிடன்ட் கொடுத்துப் பார்த்ததே இல்லையா? பார்த்தார்கள். 1956-இல் டென்ஹாம் ஹார்மன் "முதுமைக்குக் காரணம் ஃப்ரீ ரேடிக்கல்" என்று எழுதியதிலிருந்து எல்லோருக்கும் ஆசைதான். பின்லாந்தில் 29,133 பேர், எல்லோரும் புகைபிடிக்கும் ஆண்கள். காரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று உலகமே காத்திருந்தது. 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். நம்ப முடியாமல் அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்துகொண்டிருந்த இன்னொரு சோதனையைப் பார்த்தார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். 1996-இல் 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் வைட்டமின் இ. 2011-இல் பார்த்தபோது புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் 800 பேரிடம் இதே வைட்டமின் இ. 1993-இல் வந்த முடிவில் ஒரு பலனும் இல்லை. எலியில் அழகாக வேலை செய்தவைதான் இவையெல்லாம்.

காரட் சாப்பிட்டால் நல்லது என்பது பொய்யாகிவிட்டதா? இல்லை. காரட் வேறு, காரட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்துப் பல மடங்காகக் கொடுப்பது வேறு.

இப்போது நம் காட்டுக்கு வருகிறேன். "அலையாத்தி மூலிகை" என்று போட்டிருக்கிறதே, எந்த மரம் என்று போடவில்லை. சுரபுன்னையா, வெண்கண்டலா, தில்லையா? சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே தில்லை மரத்தால். கோயிலின் தல விருட்சம். சிதம்பரத்தில் தேடினால் கிடைக்காது. நம் பிச்சாவரத்தில்தான் நிற்கிறது. கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வை போகும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். ஆங்கிலத்திலேயே அதற்குக் குருடாக்கும் மரம் என்றுதான் பெயர். கழியில் நண்டு பிடிக்கிற இருளர் பிள்ளைக்கு ஐந்து வயதில் தெரியும், அந்த மரத்தை ஒதுங்கிப் போக வேண்டும் என்று. அந்தத் தில்லையின் இலைச்சாறும் டி.பி.பி.எச். சோதனையில் தேறுகிறது, தட்டில் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது, கட்டுரைகள் இருக்கின்றன. இயற்கை என்றால் தீங்கில்லை என்கிறவர்கள் ஒரு படகு எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

அந்த மரங்கள் ஏன் இப்படிப் பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன? நமக்காகவா? காலெல்லாம் உப்புத் தண்ணீர், தலையெல்லாம் வெயில், காற்றில்லாத சேறு. அந்த மரத்துக்குத்தான் பெரிய ஆக்சிஜனேற்ற அழுத்தம். அது பிழைக்க அது தயாரித்தது. பூச்சியும் ஆடும் மேயாமல் இருக்கவும் சேர்த்துத்தான். சுனாமி அன்று நம் ஊர்க் குப்பங்கள் சிலவற்றை அந்தக் காடு காப்பாற்றியது போதாதா. அதை அரைத்துக் குடிக்கவும் வேண்டுமா?

"சார் இங்கிலீஷ் மருத்துவத்துக்கு ஆள்" என்று கமெண்ட் வரும். வரட்டும். செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. சுடுகாட்டு ஓரத்தில் பூத்துக் கிடக்கிற நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான். சர்க்கரைக்கு நல்லது என்று கேள்விப்பட்டு 1950-களில் கனடாவில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் சரிந்தன. அங்கிருந்து மருந்து பிறந்தது. அதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன ஆகும்? அது விஷம் ஐயா. ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று அளந்து நரம்பில் ஏற்றுகிறார்கள். சித்த மருத்துவர்களைக் கேளுங்கள், சுத்தி செய்யாமல் எதையும் கொடுக்காதே என்றுதான் அவர்களும் சொல்வார்கள். நாடி பிடித்துப் பார்த்துக் கொடுக்கிற வைத்தியரையும், மண்டபத்தில் மைக் பிடித்து எல்லா வியாதிக்கும் ஒரே டப்பா விற்கிறவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கொரோனா சமயத்தில் சீந்திலை அளவில்லாமல் வீட்டிலேயே காய்ச்சிக் குடித்து ஈரல் கெட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் 6 பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது; அது வேறு செடியாக இருக்கலாம் என்றது. எந்தச் செடி என்றே தெரியாமல் குடித்தார்கள் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா?

ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். அவள் அனுமதியோடு சொல்கிறேன், பெயர் வேண்டாம். 90-களில் என்னிடம் படித்த பெண். மார்பில் கட்டி. சிறியது. ஊசி வைத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லி, அறுவை செய்யலாம் என்றிருக்கிறார்கள். நெருங்கிய உறவுக்காரர் ஒருவர், அவரும் இந்த மாதிரி ஒரு கம்பெனி ஏஜெண்ட்தான், "கத்தி பட்டால் பரவும், ஃப்ரீ ரேடிக்கலைக் குறைத்தால் தானாக உதிரும்" என்று ஏழு மாதம் டப்பா டப்பாவாகக் கொடுத்திருக்கிறார். நகை போனது. ஏழு மாதத்தில் கட்டி அக்குளுக்குப் போனது. இப்போது புதுச்சேரி ஜிப்மருக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு. போன வாரம் பேசும்போது, "ஹீமோ கொடுக்கும்போதும் கூடவே இதைச் சாப்பிட்டால் பக்கவிளைவு குறையும்னு சொல்றாங்க சார், சாப்பிடலாமா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

சாப்பிடக் கூடாதம்மா. டாக்டரிடம் சொல்லாமல் எதையும் சாப்பிடக் கூடாது. கதிர்வீச்சும், கீமோ மருந்துகளில் சிலவும் புற்றுநோய் செல்லைக் கொல்வதே அதற்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தை உண்டாக்கித்தான். 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று ஒரு செல் சாவைக் கண்டுபிடித்தார்கள்; இரும்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு செல்லின் கொழுப்புச் சவ்வு ஆக்சிஜனேற்றம் அடைந்து சாவது. அந்த வழியில் புற்றுநோய் செல்லைச் சாகடிக்க முடியுமா என்று உலகமெங்கும் இப்போது முயல்கிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய பொருள்களில் ஒன்று எது தெரியுமா? வைட்டமின் இ. அதாவது டாக்டர் ஒரு பக்கம் தீ வைக்க, நாம் பின்வாசல் வழியாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் 2020-இல் வெளியான ஒரு ஆய்வில், கீமோவுக்கு முன்னும் கீமோவின்போதும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவது கூடுதலாகத் தெரிந்தது. அதுவே முடிந்த முடிவு இல்லை. ஆனால் உயிரோடு விளையாட அந்தச் சந்தேகம் போதாதா?

ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை உண்மையாக இருந்தால் மண்டபத்தில் பேச விஷயம் நிறைய இருக்கிறது. பீடி, சிகரெட் புகையில் ஒவ்வொரு இழுப்பிலும் கோடிகோடியாக ஃப்ரீ ரேடிக்கல் போகிறது. தடை செய்த குட்கா பாக்கெட் நம் ஊரில் எங்கே கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கடலூர் சிப்காட் காற்றைப் பற்றி அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எத்தனை வருடமாகக் கத்துகிறார்கள்? அதற்கெல்லாம் கேப்ஸ்யூல் விற்க முடியாதே. அதனால் பேச மாட்டார்கள்.

விற்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை இல்லை, கடன் இருக்கிறது, "நான்கு பேரைச் சேர்த்தால் கமிஷன்" என்றார்கள், சேர்ந்துவிட்டீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. உங்களுக்கு மேலே இருப்பவன் கார் வாங்கிவிட்டான். நீங்கள் சொந்தச் சித்தியிடம் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். 1954-ஆம் வருடத்து மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு இவற்றையெல்லாம் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். மாட்டினால் நோட்டீஸில் பெயர் இருப்பவன்தான் மாட்டுவான், சென்னையில் இருப்பவன் இல்லை. 2024-இல் எவ்வளவு பெரிய கம்பெனியை உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில் கூண்டில் ஏற்றாத குறையாக நிற்க வைத்து, மன்னிப்பு விளம்பரம் போட வைத்தது என்று பார்த்தீர்கள்.

மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு இருந்தால் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். நாம் இன்னும் ராஜா முத்தையா என்றே சொல்கிறோமே, அதுதான். தேவைப்பட்டால் ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள், காலை ரயிலில் கூட வருகிறேன். எனக்கு வேறு என்ன வேலை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் டப்பாவையும் நோட்டீஸையும் தூக்கி எறியாதீர்கள். பில் கொடுத்திருந்தால் பில், கொடுக்காவிட்டால் ஜி-பே விவரம், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதத் தெரியாதவர்கள் புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். இதுவரை ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.